விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் முதலாவதாக வரும் மாணவனைப் பார்த்துச் சொல்வார்கள். கணீரென்று பாடும் சிறுமியைப் பார்த்தும் சொல்வார்கள். பழமொழி அழகானதுதான். ஆனால் அது உண்மையா? அறிவியல் படிக்கும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கக் கூடாது.

இதைச் சோதித்துப் பார்க்க என்ன வேண்டும்? ஆயிரக்கணக்கான முளைகளைப் பார்த்து, 'இது நன்றாக விளையும், இது சுமார், இது தேறாது' என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தி எழுதி வைக்க வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்து, விளைச்சலை அளந்து, பழைய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இப்படிப்பட்ட சோதனையைப் பொறுமையாக யார் செய்வார்கள் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் நடந்து வருகிறது. ஆனால் அதற்குச் சோதனை என்று பெயரில்லை. அது ஒரு விளையாட்டின் ஆள் எடுப்பு. விளையாட்டின் பெயர் பேஸ்பால்.

டிராஃப்ட் என்றால் என்ன?

பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் தூரத்து உறவு. பந்தை எறிபவரை 'பிட்சர்' என்பார்கள். அவர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் இடத்துக்கும் இடையே 18.44 மீட்டர் தூரம். பந்து தரையில் பட்டு எழுவதில்லை. நேராகக் காற்றிலேயே வருகிறது. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ 0.4 விநாடிதான் ஆகும். அதற்குள் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்ற வேண்டும். மேஜர் லீக் எனப்படும் உச்சநிலைப் போட்டியில் 100 முறை முயன்று 30 முறை வெற்றிகரமாக அடிப்பவர் சிறந்த மட்டையாளராகக் கருதப்படுகிறார் என்றால், அது எவ்வளவு கடினம் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

மேஜர் லீக்கில் 30 அணிகள் உள்ளன. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடும் இளைஞர்களை இந்த அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதே டிராஃப்ட். முந்தைய ஆண்டில் பின்தங்கிய அணிகளுக்கு முதலில் வாய்ப்பு. 2023-ஆம் ஆண்டு டிராஃப்ட் முதல், முதல் ஆறு இடங்களைக் குலுக்கல் மூலம் தீர்மானிக்கிறார்கள்; அதிலும் பின்தங்கிய அணிகளுக்கே வாய்ப்பு அதிகம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே உச்சநிலைக்குச் சென்றுவிடுவதில்லை. பெரும்பாலும் 'மைனர் லீக்' என்ற படிக்கட்டுகளில் சில ஆண்டுகள் ஏறித்தான் மேலே போக வேண்டும்.

முதல் இடம் என்றால் சும்மா இல்லை. 2023-இல் முதலாவதாகத் தேர்வான பிட்சர் பால் ஸ்கீன்ஸ் என்பவருக்குப் பிட்ஸ்பர்க் அணி 92 இலட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆகவே, அணிகள் இந்தத் தேர்வை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 'ஸ்கவுட்' எனப்படும் திறமை தேடுவோரை நாடெங்கும் அனுப்புகின்றன. (நம் பள்ளிச் சாரணர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இவர்கள் ஊர் ஊராகச் சென்று, மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து, பையன்களின் ஒவ்வோர் அசைவையும் குறிப்பெடுக்கிறார்கள்.

இவ்வளவு கவனமாகப் பார்த்தும் விளைச்சல் எப்படி இருந்திருக்கிறது?

ஒரே மேடையில் இருவர்

2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இருவர் ஒன்றாகச் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் கென் கிரிஃபி ஜூனியர். 1987-இல், பள்ளிப் படிப்பை முடித்த 17 வயதில், டிராஃப்டில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 630 ஹோம் ரன்கள் அடித்தவர். முளையிலேயே தெரிந்த பயிர் இது.

மற்றவர் மைக் பியாட்சா. 1988-இல் இவரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி 62-ஆவது சுற்றில், 1390-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அதுகூட, அணியின் மேலாளர் இவருடைய தந்தைக்கு நண்பர் என்பதற்காகச் செய்த சலுகை. அந்தப் பியாட்சா 427 ஹோம் ரன்கள் அடித்தார். மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் 'கேட்சர்' இடத்தில் ஆடியவர்களில் அவரளவு ஹோம் ரன் அடித்தவர் வேறு யாருமில்லை.

மறுபக்கமும் உண்டு. 1966-இல் நியூயார்க் மெட்ஸ் அணி முதலாவதாக ஸ்டீவ் சில்காட் என்ற பள்ளி மாணவரைத் தேர்ந்தெடுத்தது. தோள் காயம் காரணமாக அவர் மேஜர் லீக்கை எட்டவே இல்லை. அந்த ஆண்டு இரண்டாவதாகத் தேர்வானவர் ரெஜி ஜாக்சன். 563 ஹோம் ரன்கள் அடித்துப் புகழ் மண்டபம் சென்றவர். 2009-இல் மைக் டிரவுட் 25-ஆவது இடத்தில்தான் தேர்வானார். பின்னர் மூன்று முறை தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். வேடிக்கை என்னவென்றால், அவரை எடுத்த ஏஞ்சல்ஸ் அணியிடமே 24-ஆவது இடமும் இருந்தது. அந்த இடத்தில் அது வேறொருவரை எடுத்தது!

இவற்றைப் படித்ததும், 'அப்படியானால் தரவரிசை எல்லாம் வீண். யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது அவசர முடிவு. பியாட்சா ஒருவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவரைப் போல் கடைசிச் சுற்றுகளில் தேர்வாகி, பெயர் தெரியாமல் வீடு திரும்பிய ஆயிரக்கணக்கானவர்களை நினைவில் வைத்திருக்கவில்லை. முதல் சுற்றில் தேர்வாகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் ஒரு நாளாவது மேஜர் லீக்கில் ஆடுகிறார்கள். பிந்தைய சுற்றுகளில் இந்த விகிதம் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆக, பட்டியல் பொய் சொல்லவில்லை; அது முழு உண்மையையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். முளையைப் பார்த்து நாம் சொல்லக்கூடியது ஒரு நிகழ்தகவு. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும்போதுதான் தவறு நேர்கிறது. இதுவே என் கருத்து. இதற்கான காரணங்களை இனிக் காண்போம்.

20 முதல் 80 வரை

ஸ்கவுட்டுகள் ஒரு மட்டையாளரிடம் ஐந்து திறன்களைப் பார்க்கிறார்கள்: பந்தைச் சரியாக அடித்தல், வலுவாக அடித்தல், ஓட்டம், பந்துத் தடுப்பு, எறியும் கை. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 என்பது மேஜர் லீக் ஆட்டக்காரரின் சராசரி. ஒவ்வொரு 10 மதிப்பெண்ணும் ஏறத்தாழ ஒரு திட்ட விலக்கம். இயல்நிலைப் பரவலைப் படித்தவர்கள் உடனே கணக்கிடலாம்: 40-க்கும் 60-க்கும் இடையில் 100-க்கு 68 பேர் இருப்பார்கள், 70-ஐத் தாண்டுகிறவர்கள் 100-க்கு இரண்டு பேருக்குச் சற்று மேல், 80 என்பது ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்கவுட் இரண்டு மதிப்பெண் போடுகிறார். ஒன்று, இன்று பையனிடம் இருக்கும் திறன். மற்றது, வளர்ந்தபின் இருக்கப்போவதாக அவர் கருதும் திறன். முதலாவது அளவீடு, இரண்டாவது ஊகம். ஓட்டத்தைக் கடிகாரத்தால் அளக்கலாம். பந்தின் வேகத்தை ராடார் கருவியால் அளக்கலாம். 1970-களின் நடுவிலிருந்தே அந்தக் கருவி மைதானத்துக்கு வந்துவிட்டது. ஆனால், பந்தைச் சரியாக அடிக்கும் திறன் நாளை எப்படி இருக்கும் என்பதை அளக்கக் கருவி எதுவும் இல்லை. அணிக்கு மிகவும் தேவையான அந்தத் திறன்தான் ஊகிக்க மிகக் கடினமானது.

சீட்டுப் போட்டுப் பாருங்கள்

ஊகம் ஏன் தவறுகிறது? முதல் காரணம், பார்க்கும் ஆட்டங்கள் குறைவு. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் சுமார் 100 முறைதான் மட்டை பிடிப்பார். 100 போதாதா என்கிறீர்களா? நீங்களே சோதித்துப் பாருங்கள்.

ஒரே அளவுள்ள பத்துக் காகிதச் சீட்டுகளை எடுத்து, மூன்றில் மட்டும் 'அடி' என்று எழுதுங்கள். டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். இப்படி 100 முறை செய்து, எத்தனை 'அடி' வந்தது என்று எண்ணுங்கள். வகுப்பில் உள்ள எல்லாரும் செய்யட்டும். எல்லாருடைய 'திறமை'யும் ஒன்றுதான்: 100-க்கு 30. ஆனால் விடைகள் ஒன்றாக இருக்கா. இதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 4.6. ஆகவே மூன்றில் இருவருக்கு 25 முதல் 35 வரை வரும். ஒருவருக்கு 21-ம் இன்னொருவருக்கு 39-ம் வந்தாலும் வியப்பில்லை. இந்த 39-காரரை மைதானத்தில் பார்க்கும் ஸ்கவுட், 'அற்புதம்!' என்று எழுதிவிடுவார். 21-காரரின் பெயரை அடித்துவிடுவார். இருவரும் எடுத்ததோ ஒரே மாதிரியான டப்பாவிலிருந்துதான்.

இப்போது அந்த 39-காரரை மறுபடி 100 முறை எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 30-ஐ ஒட்டித்தான் வரும். இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஆராய்ந்தபோது இதைக் கண்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள். ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. முதலிடத்தில் தேர்வானவர் பிறகு சற்று ஏமாற்றம் அளித்தால், 'கர்வம் தலைக்கேறிவிட்டது' என்று பேசுவது வழக்கம். பல வேளைகளில் அது கர்வமன்று, கணிதம்.

எதிரில் நிற்பவர் யார்?

இரண்டாவது காரணம், எல்லா மைதானங்களும் ஒன்றல்ல. ஒரு சிற்றூர்ப் பள்ளியில் மணிக்கு 120 கி.மீ. பந்தை அடிப்பவரையும், பெரிய கல்லூரியில் 150 கி.மீ. பந்தை அடிப்பவரையும் ஒரே எண்ணால் ஒப்பிட முடியாது. கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் ஆண்டு முழுவதும் ஆடலாம். வட மாநிலங்களில் குளிர் விட்டபிறகே ஆட்டம் தொடங்கும். டிரவுட் அப்படிப்பட்ட நியூஜெர்சி மாநிலத்துப் பையன். அவரைப் பார்க்க ஸ்கவுட்டுகளுக்குக் கிடைத்த நாட்களே குறைவு.

மட்டையும் ஒன்றல்ல. மேஜர் லீக்கில் மர மட்டைதான். பள்ளியிலும் கல்லூரியிலும் பெரும்பாலும் உலோக மட்டை. உள்ளீடற்ற உலோகச் சுவர் பந்து பட்டவுடன் சற்று உள்வாங்கி, வில் போல் மீண்டு, பந்தைத் தள்ளிவிடுகிறது. மர மட்டையில் பந்தே அதிகம் நசுங்கி, ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. 2011-இல் கல்லூரிகளிலும், 2012-இல் பள்ளிகளிலும் உலோக மட்டையின் இந்தத் துள்ளலை மரத்துக்கு அருகே கொண்டுவரும் புதிய தரக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பையன்களின் எண்ணிக்கைகளில் எவ்வளவு கையின் பங்கு, எவ்வளவு உலோகத்தின் பங்கு என்று பிரித்தறிவது கடினமாகவே இருந்தது.

மூன்றாவது காரணம் வயது. ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கிடையே ஏறக்குறைய ஒரு வயது வேறுபாடு இருக்கலாம். பதினேழு வயதில் ஓராண்டு என்பது பெரிய வித்தியாசம்; எலும்பும் தசையும் அப்போதுதான் முற்றுகின்றன. கனடாவில் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வெளியானது. சிறந்த அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். நட்சத்திர பலன் அல்ல! அங்கே வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியில் தொடங்குகிறது. ஆகவே ஜனவரியில் பிறந்தவர் அந்தப் பிரிவிலேயே மூத்தவர். பெரியவராக இருப்பதால் தேர்வாகிறார். தேர்வானதால் நல்ல பயிற்சி கிடைக்கிறது. பயிற்சியால் உண்மையிலேயே சிறந்தவராகிறார். பேஸ்பால் டிராஃப்டிலும், பள்ளியிலிருந்து தேர்வானவர்களில் வயது குறைந்தவர்கள் தம் இடத்துக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினார்கள் என்று பழைய பட்டியல்களை அலசிய ஒரு கட்டுரை 2011-இல் காட்டியது. இன்று 17 வயதில் 100 மீட்டர் அடிப்பவரும், ஏறக்குறைய 19 வயதில் 100 மீட்டர் அடிப்பவரும் ஒன்றல்லர். டிரவுட் டிராஃப்டில் தேர்வானபோது அவருக்கு வயது 17 என்பதைக் கவனியுங்கள்.

உடையும் நார்

நான்காவது காரணம் உடல். பிட்சரின் முழங்கை எலும்புகளைப் பிணைக்கும் ஒரு நார் இருக்கிறது. முழு வேகத்தில் எறியும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஏறத்தாழ அது தாங்கக்கூடிய எல்லை வரை விசை விழுகிறது. 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சரின் அறுந்துபோன நாருக்குப் பதிலாக, அவருடைய மறு கையிலிருந்து எடுத்த நாரைப் பொருத்தினார் டாக்டர் ஃபிராங்க் ஜோப். ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். இன்றும் அந்த அறுவைக்கு அவர் பெயர்தான் வழங்குகிறது.

2014-இல் ஹூஸ்டன் அணி முதலாவதாகத் தேர்ந்தெடுத்த பள்ளி பிட்சருக்கு மருத்துவப் பரிசோதனையில் இந்த நாரைப் பற்றிக் கவலை எழுந்தது. ஒப்பந்தம் கைகூடவில்லை. அடுத்த ஆண்டே அந்த இளைஞருக்கு அறுவை தேவைப்பட்டது. அவர் கடைசிவரை மேஜர் லீக் செல்லவில்லை.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. ராடார் கருவி வெறுமனே அளந்துவிட்டுப் போவதில்லை. 'மணிக்கு 150 கி.மீ. காட்டினால்தான் ஸ்கவுட் திரும்பிப் பார்ப்பார்' என்று தெரிந்தவுடன், பதினைந்து வயதுப் பையன்கள் ஓய்வின்றி முழு விசையோடு எறியத் தொடங்குகிறார்கள். பிட்சர்களின் காயங்களைப் பற்றி மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வேகத்தையும் பந்தின் சுழற்சியையும் துரத்துவதே காயங்கள் பெருகுவதற்கு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது என்றும், இந்தப் போக்கு சிறுவர்கள் வரை இறங்கியிருக்கிறது என்றும் அது கூறியது. வெப்பமானி நோயாளியின் காய்ச்சலை ஏற்றுவதில்லை. ஆனால் மனிதர்களை அளக்கும் கருவி, அளக்கப்படும் மனிதர்களையே மாற்றிவிடுகிறது. இதை மறந்துவிட்டுச் செய்யும் எந்த மதிப்பீடும் முளையைத் தோண்டிப் பார்த்து வேர் அறுப்பதற்குச் சமம்.

ஒரே அளவுகோல் போதாது என்பதற்கு நம் நாட்டிலும் சாட்சி உண்டு. 2008-இல் இந்தியாவில் ஒரு பந்தெறியும் போட்டி நடந்தது. வேகமும் குறியுமே தகுதி. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகிய இருவரும் தேர்வாகி, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதுவரை பேஸ்பாலைத் தொட்டே அறியாதவர்கள் அந்த நிலையை எட்டியது பெரும் சாதனை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. வேகமான கை என்பது பிட்சரின் ஒரு பகுதிதான்; முழு பிட்சர் அன்று.

கண்ணா? கணக்கா?

1980-இல் மெட்ஸ் அணி 23-ஆவது இடத்தில் பில்லி பீன் என்ற பள்ளி மாணவரைத் தேர்ந்தெடுத்தது. உயரம், உடற்கட்டு, ஓட்டம், கை - ஐந்து திறனும் அவரிடம் இருப்பதாக ஸ்கவுட்டுகள் மெச்சினார்கள். மேஜர் லீக்கில் அவர் ஆடியது 148 ஆட்டங்கள்; அடி விகிதம் 100-க்கு 22 கூட இல்லை. பிற்காலத்தில் ஓக்லண்ட் அணியின் பொது மேலாளரான பீன், தம்மைத் தேர்ந்தெடுத்த முறையையே சந்தேகித்தார். தோற்றத்தைப் பார்க்காதீர்கள், கல்லூரி ஆட்டங்களின் எண்களைப் பாருங்கள் என்றார். கல்லூரி ஆட்டக்காரர்களே பள்ளி ஆட்டக்காரர்களைவிட நம்பகமான விளைச்சல் தருகிறார்கள் என்று பில் ஜேம்ஸ் என்ற புள்ளிவிவர எழுத்தாளர் 1980-களிலேயே எழுதியிருந்தார். எதிரில் ஆடுபவர் தரமானவர், ஆட்டங்கள் அதிகம், உடலும் முற்றிவிட்டது; ஆகவே ஊகிக்க வேண்டிய தூரம் குறைவு.

கணக்கு வென்றுவிட்டதா? 2002-இல் பீன் முறையில் ஓக்லண்ட் அணி எடுத்தவர்களில் நிக் ஸ்விஷர் பல ஆண்டுகள் சிறப்பாக ஆடினார். ஆனால் 35-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட கேட்சர் ஜெரமி பிரவுன் மேஜர் லீக்கில் ஆடியது ஐந்தே ஆட்டங்கள். ஆக, கணக்கும் தவறும்.

கண், கணக்கு இரண்டையும் எதிரிகளாக நிறுத்துவதே பிழை என்பது என் கருத்து. உளவியலாளர் பால் மீல் 1954-இல் எழுதிய நூலில், நிபுணரின் ஊகத்தையும் எளிய சூத்திரத்தின் கணிப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தார். பெரும்பாலானவற்றில் சூத்திரம் நிபுணருக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. ஆனால் சூத்திரத்துக்குள் போட வேண்டிய விவரங்களை யார் கொண்டுவருவது? தோற்ற நாளில் பையன் எப்படி நடந்துகொண்டான், தவறைத் திருத்திக்கொள்கிறானா, எறியும்போது தோள் வலிக்கிறதா - இவற்றைப் பார்க்கக் கண் வேண்டும். கண் பார்க்கட்டும்; பார்த்ததை எண்ணாக்கி எழுதட்டும்; சேர்த்துப் பார்க்கும் வேலையைக் கணக்குச் செய்யட்டும். ஐந்து ஸ்கவுட்டுகள் பார்த்தால், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தாண்டுகளுக்குப் பின் பழைய குறிப்பைத் திறந்து, எங்கே தவறினோம் என்று பார்க்க வேண்டும். சரிபார்க்காத அனுபவம் வெறும் வயதுதான்.

முதல் இடம் யாருக்கு?

இரண்டு இளைஞர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் பள்ளி மாணவர். பெரும் நட்சத்திரமாகும் வாய்ப்பு 100-க்கு 10, சுமாராக ஆடும் வாய்ப்பு 20, ஒன்றுமில்லாமல் போகும் வாய்ப்பு 70. இரண்டாமவர் கல்லூரி மாணவர். இதே வாய்ப்புகள் 2, 60, 38. நட்சத்திரத்தின் மதிப்பு 60 அலகு, சுமாரான ஆட்டக்காரரின் மதிப்பு 10 அலகு என்று கொண்டால், முதலாமவரின் எதிர்பார்ப்பு மதிப்பு 6 + 2 = 8. இரண்டாமவருடையது 1.2 + 6 = 7.2. எழுபது சதவீதம் தோற்கக்கூடியவரே சற்று மேலானவராகிறார்! இது நானாக எடுத்துக்கொண்ட கணக்கு. நட்சத்திரத்தின் வாய்ப்பை 10-லிருந்து 8-ஆகக் குறைத்தால் விடை தலைகீழாகிவிடும். போட்டுப் பாருங்கள். அவ்வளவு மெல்லிய கோட்டின்மேல்தான் கோடி ரூபாய் முடிவுகள் நிற்கின்றன.

ஆகவே, ஒரு தேர்வு பலிக்காததை மட்டும் வைத்து அதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. 2013-இல் ஹூஸ்டன் அணி மார்க் அப்பெல் என்ற பிட்சரை முதலாவதாக எடுத்தது. இரண்டாவதாக எடுக்கப்பட்ட கிரிஸ் பிரையன்ட் 2016-இல் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரரானார். அப்பெலோ 2018-இல் ஆட்டத்தையே விட்டு விலகினார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2021-இல் திரும்பி வந்தார். 2022 ஜூனில், தம் 30-ஆவது வயதில், முதன்முறையாக மேஜர் லீக் மைதானத்தில் பந்தெறிந்தார். திரும்பி வர ஒரு கதவு திறந்திருந்ததால்தான் அது முடிந்தது.

கதவை மூடலாமா?

அந்தக் கதவு இப்போது குறுகி வருகிறது. 2019 வரை டிராஃப்டில் 40 சுற்றுகள் இருந்தன. 2021 முதல் 20 சுற்றுகளே. மைனர் லீக் அணிகளும் அந்த ஆண்டு ஏறத்தாழ 160-லிருந்து 120 ஆகக் குறைக்கப்பட்டன. பியாட்சா தேர்வான 62-ஆவது சுற்று இன்று இல்லை. 1985-இல் 22-ஆவது சுற்றில் தேர்வாகிப் பின்னர் புகழ் மண்டபம் சென்ற பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸுக்கும் இன்றைய பட்டியலில் இடம் கிடைத்திருக்காது.

குறைத்தவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கடைசிச் சுற்றுகளில் தேர்வானவர்களில் மிகப் பெரும்பாலோர் மேலே வரவில்லை. அவர்கள் இளமையின் சில ஆண்டுகளைச் சொற்பச் சம்பளத்தில் கழித்தார்கள். கிடைக்காத பரிசைக் காட்டி ஆயிரம் பேரை ஓடவைப்பது கருணையாகுமா? டிராஃப்டில் பெயர் வராதவரும் தனியே ஒப்பந்தம் செய்துகொள்ளலாமே என்றும் கேட்பார்கள். நல்ல கேள்விகள்தான்.

ஆனால் நாம் இதுவரை பார்த்த கணக்கு என்ன சொல்கிறது? 18 வயதில் செய்யும் மதிப்பீட்டில் பிழையின் அளவு பெரியது. பிழை பெரிதாக இருக்கும் இடத்தில் வடிகட்டியைச் சீக்கிரமே இறுக்கிவிட்டால், உமியோடு நெல்லும் போய்விடும். அளவுகோல் எவ்வளவு கரடுமுரடோ, அவ்வளவுக்கு இரண்டாவது வாய்ப்பும் தாராளமாக இருக்க வேண்டும். சம்பளம் குறைவு என்றால் செய்ய வேண்டியது சம்பளத்தை உயர்த்துவது. 2023-இல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து முதல் ஒப்பந்தத்தின் மூலம் அதைச் சாதித்தும் காட்டினார்கள். முதல் இடத்துக்கு ஆள் தேடும்போது கண்டிப்பாக இருங்கள். கடைசி இடத்துக்குக் கதவைத் திறந்து வையுங்கள். இரண்டும் முரணல்ல. ஒரே நிகழ்தகவுக் கணக்கிலிருந்து பிறக்கும் இரு விடைகள்.

மாணவ நண்பர்களே, நீங்களும் அடிக்கடி அளக்கப்படுகிற வயதில் இருக்கிறீர்கள். மதிப்பெண், தரவரிசை, நுழைவுத் தேர்வு என்று உங்கள்மேலும் ராடார் கருவிகள் குறிவைத்திருக்கின்றன. அவற்றை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. முதல் சுற்றுக்காரர்கள் சராசரியாக நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் ஓர் எண்ணைக் கையில் கொடுத்தால், எத்தனை முறை அளந்தது, எந்த மைதானத்தில் அளந்தது, எந்த வயதில் அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் எண்ணைப் பற்றியும் கேளுங்கள். பக்கத்து இருக்கை நண்பனின் எண்ணைப் பற்றியும் கேளுங்கள்.

முளையைப் பார்த்து ஓரளவு தெரியும். மீதிக்கு மழையும் வேண்டும், உரமும் வேண்டும், காத்திருக்கும் உழவரும் வேண்டும்.